மேற்கு டெக்சஸ்: காத்தாடியும் முள்கம்பியும்

புதன்

ஊரிலிருந்து டாலஸுக்கு வருகிறவர்களை நாங்கள் வழக்கமாகக் கூட்டிப்போகிற இடங்கள் ஹூஸ்டன் நாசாவும் சான் அன்டோனியோவும்தான். மாமாவுக்கு (மாமனாரைச் சொல்கிறேன்) இரண்டிலும் மனசு ஒட்டவில்லை. தாராபுரம் பக்கம் தோட்டமும் கொரங்காடும் (வேலி அடைத்த மேய்ச்சல் காடு) வைத்து மாடு வளர்த்தவர். ராக்கெட்டைக் காட்டினால் "ம், சரி" என்பார். வழியில் வேலிக்குள் மேய்கிற மாட்டைப் பார்த்தால் வண்டியை நிறுத்தச் சொல்வார். போன வாரம் நெடுஞ்சாலை ஓரம் ஒரு பழைய இரும்புக் காத்தாடி நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, அது கரண்டு எடுக்கறதா, தண்ணி எடுக்கறதா?" என்று கேட்டார். அன்று ராத்திரியே இவர் (என் கணவர்) லப்பக்கில் அறை போட்டுவிட்டார்.

டாலஸிலிருந்து லப்பக் மேற்கே ஐந்தரை மணி நேர ஓட்டம். காலையில் புளிசாதம், தயிர்சாதம், ஊறுகாய், ரைஸ் குக்கர் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். நாங்கள் போவது மாட்டுச் சீமை. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கட்டுச்சோறு இல்லாமல் அங்கே போகக் கூடாது.

அபிலீன் தாண்டும்வரை சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஸ்வீட்வாட்டருக்குப் பிறகுதான் கண்ணுக்கு வேலை வந்தது. ராஸ்கோ என்ற சிற்றூரைச் சுற்றி, திரும்பிய பக்கமெல்லாம் வெள்ளைக் காத்தாடிகள். மொத்தம் 627, திறன் 781.5 மெகாவாட். 2009ல் கட்டி முடித்தபோது உலகிலேயே பெரிய காற்றாலைப் பண்ணை இதுதான். அடியில் பருத்திக்காடு. ஏப்ரல் என்பதால் விதைப்பு இன்னும் ஆகவில்லை, செம்மண் வெறுமனே கிடக்கிறது. மாமா காத்தாடியை அதிசயமாகப் பார்க்கவில்லை. அவர் தோட்டத்தைச் சுற்றியும் அதுதான் நிற்கிறது. அவர் கேட்டது வேறு: "நிலத்த எழுதி வாங்கிட்டாங்களா, வாடகையா?" இங்கே பெரும்பாலும் குத்தகைதான், நிலம் விவசாயியிடமே இருக்கும், வருமானத்தில் பங்கு வரும் என்று இவர் சொன்னார். மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "எங்கள்ட்ட ஏக்கராவாவே எழுதி வாங்கிட்டுப் போயிட்டான்" என்றார்.

போஸ்ட் என்ற ஊரில் டீ குடிக்க நிறுத்தினோம். (பிளாஸ்கில் கொண்டுவந்த டீ.) காலை உணவுத் தானியம் விற்றுப் பெரும் பணக்காரரான சி. டபிள்யூ. போஸ்ட் 1907ல் உருவாக்கிய ஊர் இது. மழை போதவில்லை என்று மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? 1910 முதல் சில ஆண்டுகள், மேட்டு விளிம்பில் வரிசையாக டைனமைட் வைத்து வெடித்து வானத்தை உசுப்பிப் பார்த்திருக்கிறார். பெரிய போர்களுக்குப் பிறகு மழை பெய்கிறது என்று எங்கோ படித்த நம்பிக்கை. எப்போதாவது வெடித்த பிறகு மழை வந்தால் அது தன் கணக்கு. இவ்வளவு காசு வைத்திருந்தவரையே இந்தப் பாடு படுத்திய பூமி என்றால், காசில்லாதவன் எப்படிப் பிழைத்தான் என்ற கேள்வி அங்கேயே எனக்கு வந்துவிட்டது.

போஸ்ட்டைத் தாண்டினால் சாலை ஒரு செங்குத்து மேட்டில் ஏறுகிறது. ஏறி முடித்ததும் மரம், மலை, ஆறு எதுவும் இல்லை. ஸ்பானியர்கள் லானோ எஸ்டகாடோ என்று அழைத்த மேட்டுச் சமவெளி. மழை பெய்தால் ஆழமில்லாத குட்டைகளில் தேங்கும், வெயிலில் வற்றும். ஓடுகிற தண்ணீர் கிடையாது. காற்று மட்டும் நிற்பதே இல்லை. விடுதி வாசலில் கார்க் கதவைத் திறந்தபோது கதவே கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போயிற்று.

வியாழன்

டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தை ஒட்டியிருக்கும் தேசியப் பண்ணை மரபு மையத்துக்குக் காலையிலேயே போய்விட்டோம். 1976ல் திறந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை. பெயரைக் கேட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கியும் தொப்பியும் வைத்திருப்பார்கள் என்று தோன்றும். உள்ளே கட்டடத்தில் அப்படிக் கொஞ்சம் உண்டு. ஆனால் விஷயம் பின்புறத் திறந்தவெளியில் இருக்கிறது. டெக்சஸின் பல மூலைகளிலிருந்து பழைய பண்ணை வீடு, தொழுவம், பட்டறை, பள்ளிக்கூடம், ரயில் நிலையம் என்று ஐம்பதுக்கு மேல் கட்டடங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து, கால வரிசைப்படி ஒரு பாதையின் ஓரம் நிறுத்தியிருக்கிறார்கள். நடந்தாலே ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிடும்.

வாசலில் வெண்கலத்தில் நீள்கொம்பு மாடுகள். மாமா ஒவ்வொன்றையும் சுற்றி வந்து பார்த்தார். ஸ்பானியர்கள் கொண்டுவந்த மாடுகளின் வழி வந்த இனம். கொம்பு பக்கவாட்டில் நீண்டு நுனிக்கு நுனி ஆறேழு அடிகூட இருக்கும். "நம்ம காங்கயத்துக்கு வளைஞ்சு உள்ள திரும்பும். இது பரப்பிக்கிட்டுப் போகுது. கட்டுத்தறியில எப்படிக் கட்டுவான்?" என்றார். கட்டவே மாட்டான் மாமா, திறந்த வெளியில்தான் விடுவான் என்றேன். இந்தப் பதிலில்தான் இந்த மூன்று நாள் கதையும் இருந்தது.

பாதை தொடங்கும் இடத்தில் லாஸ் கொர்ராலிட்டோஸ், 1780ஆம் ஆண்டுக் காலத்து ஸ்பானிய அமைப்பு. தடித்த கல்சுவர், ஒரே அறை, ஒரே கதவு, ஜன்னல் கிடையாது. துப்பாக்கி நீட்டுவதற்கு மட்டும் துளைகள். கௌபாய் என்றதும் சினிமா நமக்குக் காட்டுகிற வெள்ளைக்கார இளைஞனுக்கு முன்பே, குதிரையில் ஏறிக் கயிறு வீசி மாடு பிடித்தவர்கள் மெக்சிகோவின் வக்கேரோக்கள். பின்னால் வந்தவர்களும் எல்லோரும் வெள்ளையர் இல்லை. அடிமைத்தளை அறுந்து வந்த கறுப்பினத்தவர் ஏராளமானோர் மாடு ஓட்டியிருக்கிறார்கள்.

கொஞ்ச தூரத்தில் ஜோவல் குடும்பத்தின் கல்வீடு, 1872-73ல் கட்டியது. முதலில் இருந்த மர வீடு பழங்குடியினர் தாக்குதலில் எரிந்துபோனதால் கல்லில் கட்டினார்களாம். அந்த வீட்டின் முன் நிற்கும்போது மறுபக்கக் கணக்கையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இந்தச் சமவெளி கொமான்சே பழங்குடியினரின் காட்டெருமைக் காடு. 1874 செப்டம்பரில் அமெரிக்க ராணுவத்தின் கர்னல் மெக்கன்சியின் படை பாலோ டியூரோ பள்ளத்தாக்கில் அவர்கள் முகாமைத் தாக்கியது. ஆட்கள் தப்பினார்கள். படை அவர்களுடைய ஆயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளைப் பிடித்துச் சுட்டுக் கொன்றது. குதிரை இல்லாமல் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. அடுத்த ஆண்டே சரணடைந்து ஒக்லஹோமா பக்கம் ஒதுக்கிய நிலத்துக்குப் போனார்கள். தோலுக்காகக் காட்டெருமைகளைச் சுட்டுத் தீர்ப்பதும் அந்தச் சில ஆண்டுகளில் முடிந்தது. புல் மட்டும் மிச்சம். அந்தக் காலிப் புல்லில்தான் மாடு வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது மாட்டடார் பண்ணையின் அரைக்குழி வீடு. 1880களின் கடைசியில் கட்டியது. மேட்டின் சரிவைத் தோண்டிப் பின்பாதியை மண்ணுக்குள் செருகி, முன்பாதிக்கு மட்டும் மரக்கட்டை அடுக்கியிருக்கிறார்கள். வாசலில் குனிந்து எட்டிப் பார்த்தால் ஒரு கட்டில், ஓர் அடுப்பு, அவ்வளவுதான். பண்ணையின் கடைக்கோடி எல்லையில் மாடு பார்க்கப் போகிறவன் மாதக்கணக்கில் தனியாக இதில் கிடப்பான். மரம் இல்லாத ஊரில் சுவருக்கு மண்ணைவிட்டால் வேறென்ன? இன்னும் தெற்கே இருந்து வந்ததாக, ஈட்டிமாதிரி வளரும் சோட்டோல் செடியின் தண்டையும் ஜூனிப்பர்க் கொம்புகளையும் நட்டு நிறுத்திக் கட்டிய வீடும் இருக்கிறது. ரயில் வந்து பலகை மலிவானதும் ஒற்றைப் பலகைச் சுவர் வீடுகள் வருகின்றன. பலகைக்குப் பலகை இடுக்கில் ஒரு பட்டி அடித்திருப்பார்கள், உள்ளே தாங்கும் மரச்சட்டம் எதுவும் கிடையாது. இந்தக் காற்றில் அந்தப் பலகைக்குப் பின்னால் குழந்தையை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படித் தூங்கியிருப்பாள்?

மாட்டடார் யாருடையது என்று பலகையைப் படித்த இவர் சிரித்தார். 1882லிருந்து ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துக் கம்பெனி. XIT என்ற இன்னொரு பெரிய பண்ணையின் பணத்திலும் லண்டன் முதலீட்டாளர்கள். மாமாவுக்குச் சொன்னதும், "வெள்ளைக்காரன் இங்கயும் கம்பெனி போட்டிருந்தானா!" என்று நின்றுவிட்டார். மண்குழியில் கிடந்து மாடு மேய்த்தவன் ஒருத்தன், டண்டீயில் லாபப் பங்கு வாங்கியவன் ஒருத்தன்.

XITயின் ஒரு பிரிவுக்குத் தலைமையிடமாக இருந்த கல்வீடு லாஸ் எஸ்கார்பாடாஸும் (1886) இங்கே நிற்கிறது. அந்தப் பண்ணை பிறந்த கதை வேடிக்கை. டெக்சஸ் அரசிடம் காசில்லை, நிலம் இருந்தது. ஆஸ்டினில் சட்டமன்றக் கட்டடம் கட்டித் தந்தால் கூலியாக 30 லட்சம் ஏக்கர் என்று ஒப்பந்தம் போட்டார்கள். சிகாகோ ஆட்கள் கட்டித் தந்தார்கள். ஆஸ்டினில் நாம் நின்று படம் எடுத்துக்கொள்கிற அந்த ரோஜா நிறக் கட்டடத்தின் விலை இந்தப் புல்வெளி.

பட்டறைகளில் சூட்டுக்கோல்கள் வரிசையாகத் தொங்கின. 6666 பண்ணையின் 1908ஆம் ஆண்டுத் தொழுவமும் உண்டு. சீட்டாட்டத்தில் நான்கு ஆறு விழுந்து ஜெயித்த பண்ணை என்று ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. உண்மையில் பண்ணையைத் தொடங்கிய பர்க் பர்னெட் விலைக்கு வாங்கிய மந்தையில் ஏற்கெனவே இருந்த சூட்டுக்குறி அது. மாமா ஒரு கோலைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "நாங்க சூடு போட்டது நோவுக்கு. இவங்க போட்டது பேருக்கு" என்றார்.

கடைசிப் பக்கம் பார்ட்டன் வீடு, 1909. மூன்று மாடி, வளைந்த தாழ்வாரம், சன்னமான மர வேலை. ரயில் தன் ஊர் வழியாக வரும் என்று நம்பி ஊரையே உருவாக்கினார் பார்ட்டன். தண்டவாளம் வேறு பக்கம் போயிற்று, ஊர் காலியானது, வீடு மட்டும் நின்றது. ஊரில் பைபாஸ் சாலை வரும் என்று மனை வாங்கிப் போட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் லப்பக் வந்து அந்தத் தாழ்வாரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.

இதற்கு நடுவில் நாங்கள் மறுபடி மறுபடி போய் நின்றது காத்தாடிகளின் அடியில்தான். பாதையின் பல திருப்பங்களில் காத்தாடிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. "வீட்டக் காட்டறாங்க, தொழுவத்தக் காட்டறாங்க. தண்ணி எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா இதத்தான் காட்டோணும்" என்றார் மாமா. நாளைக்கு அதுதான் மாமா என்றோம்.

வெள்ளி

அமெரிக்கக் காற்றாலை அருங்காட்சியகம் ஊரின் கிழக்கு ஓரம், யெல்லோ ஹவுஸ் பள்ளத்தாக்கில் இருக்கிறது. பக்கத்திலேயே அந்த மெக்கன்சியின் பெயரில் ஒரு பூங்கா.

இந்த இடம் உருவான விதம் எனக்குப் பிடித்திருந்தது. பில்லி வுல்ஃப் என்பவர் டெக்சஸ் டெக்கில் மனையியல் பிரிவில் பணியாற்றியவர். 1960களிலிருந்தே, கழற்றி எறியப்பட்டுக்கொண்டிருந்த காத்தாடிகளைத் தேடித் தேடிப் படம் எடுத்திருக்கிறார். 1990களின் தொடக்கத்தில் நெப்ராஸ்காவில் ஒருவர் சேர்த்து வைத்திருந்த 48 பழைய காத்தாடிகள் விலைக்கு வருவதாகத் தெரிந்தது. பொறியியல் பின்னணி கொண்ட காய் ஹாரிஸும் வுல்ஃபும் பணம் திரட்டி மொத்தமாக வாங்கி லப்பக்குக்குக் கொண்டுவந்தார்கள். வுல்ஃப் 1997ல் காலமானார். இப்போது உள்ளேயும் வெளியேயுமாக நூற்றைம்பதுக்கு மேல் நிற்கின்றன.

கூடத்துக்குள் நுழைந்ததும் கழுத்து வலிக்கிற அளவுக்கு அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. சிவப்பு, நீலம், வெள்ளை, பச்சை என்று மரச்சக்கரங்கள். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் காத்தாடிகளின் வரலாற்றைச் சொல்லும் பிரம்மாண்ட ஓவியம், 172 அடி நீளம். கூட வந்த தன்னார்வலர் வயதான மனிதர். மாமாவின் கேள்விகள் என் கணவர் வழியாக ஆங்கிலமாகிப் போய்ப் பதிலாகத் திரும்பி வந்தன. பாதி நேரம் இருவருக்கும் மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. கையைக் கொண்டே பேசிக்கொண்டார்கள்.

ஹாலந்து காத்தாடிக்கு ஆள் வேண்டும். காற்று திசை மாறினால் திருப்ப, வலுத்தால் பாய்த் துணியைச் சுருட்ட, பக்கத்திலேயே ஒருத்தன் குடியிருக்க வேண்டும். பத்து மைலுக்கு ஆள் அரவம் இல்லாத புல்வெளியில் அது நடக்காது. 1854ல் கனெக்டிகட்டில் டேனியல் ஹாலடே காப்புரிமை வாங்கியது தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் காத்தாடிக்கு. பின்னாளில் வந்த அதன் வடிவத்தில், காற்று வேகம் ஏறினால் சக்கரத்தின் பகுதிகள் தாமாகப் பின்னால் மடங்கி, காற்றை வழிய விட்டுவிடும். 1867ல் லெனர்ட் வீலர் என்ற பாதிரியார் எக்லிப்ஸ் காத்தாடியைக் கொண்டுவந்தார். அதில் சக்கரம் மடங்காது. பக்கத்தில் இருக்கும் சிறு தகடு புயற்காற்றில் முழுச் சக்கரத்தையும் ஒருக்களித்துத் திருப்பிவிடும். இந்த இரண்டு வழியையும் அடுத்தடுத்து நிற்க வைத்துக் காட்டுகிறார்கள். சக்கரத்தைக் கையால் தள்ளிக் காட்டியபோதுதான் எனக்கு விளங்கியது.

வால் இல்லாத காத்தாடிகளில் எடைக்காக வார்ப்பிரும்புப் பொம்மை மாட்டியிருப்பார்கள். டெம்ப்ஸ்டர் கம்பெனிக்குக் குதிரை, எல்ஜின் கம்பெனிக்குச் சேவல், வேறு சிலவற்றில் காளை, நட்சத்திரம், பிறை. வேலைக்கு ஒரு இரும்புத் துண்டே போதும். ஆனாலும் சேவலுக்குக் கொண்டையும் வால் இறகும் வார்த்திருக்கிறார்கள். பல மைல் தள்ளி வருகிறவனுக்கு அது அடையாளமும் விளம்பரமும் ஆயிற்று. இப்போது காத்தாடி போய்விட்டது, அந்தச் சேவலுக்குத்தான் பழம்பொருள் சேகரிப்பவர்களிடையே அடிதடி.

பிறகு வந்தது எஃகு. தாமஸ் பெர்ரி என்ற பொறியாளர் 1882-83ல், நீராவி எந்திரத்தால் சுழலும் கையில் சக்கரங்களை மாட்டி, ஐயாயிரத்துக்கு மேல் சோதனை செய்தார். தட்டையான மரப்பலகைகளை நெருக்கமாக அடுக்குவதைவிட, வளைந்த எஃகு இதழ்கள் கொஞ்சம் இடைவெளியோடு இருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை நடக்கும் என்று தெரிந்தது. 1888ல் லாவெர்ன் நாய்ஸ் சிகாகோவில் இதை ஏர்மோட்டார் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். முதலில் மற்றக் கம்பெனிக்காரர்கள் 'கணக்குக் காத்தாடி' என்று கேலி பேசினார்களாம். சில வருஷத்தில் சந்தை இவர்கள் கையில். 1915ல் பல்சக்கரங்களை எண்ணெய்ப் பெட்டிக்குள் அடைத்தார்கள். அதுவரை வாரத்துக்கு ஒருமுறையாவது யாராவது கோபுரம் ஏறி மசகு போட வேண்டியிருந்தது, இனி வருஷத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதும். பெரிய பண்ணைகளில் இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். குதிரைச் சவாரியை விட்டுக் கோபுரம் ஏறுவதைக் கௌபாய்கள் கௌரவக் குறைச்சலாக நினைத்தார்கள் என்று தன்னார்வலர் சொல்லிச் சிரித்தார்.

ஓரத்தில் ஒரு மேசையில் பம்பைக் குறுக்கே வெட்டி வைத்திருந்தார்கள். சக்கரம் சுற்றச் சுற்ற நீளமான கம்பி மேலும் கீழும் போகிறது. குழாய்க்கு அடியில் பித்தளை உருளை, அதற்குள் ஒரு பிஸ்டன், அதைச் சுற்றிக் கிண்ண வடிவில் தோல். மாமா விரலை விட்டு அந்தத் தோலைத் தடவினார். "வாசர்!" என்றார் சத்தமாக. "அடி பம்புல நம்ம போடற அதே தோல் வாசர். இதா, கீழ புட் வால்வு." பாக்கெட்டிலிருந்த சாவியால் வால்வைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். தோல் காய்ந்தால் பிடிக்காது, முதலில் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும், மணல் வந்தால் சீக்கிரம் அறுந்துவிடும் என்று அவர் சொல்ல, இவர் அதை ஆங்கிலத்தில் சொல்வதற்குள்ளேயே அந்த வயதானவர் தலையை ஆட்டிக்கொண்டு, நூறு இருநூறு அடிக் கம்பியை ஒவ்வொரு துண்டாக மேலே இழுத்துக் கழற்றுவதைக் கையால் நடித்துக் காட்டினார். வேலி பார்க்கும் வேலைக்கு அடுத்தபடியாக அந்த வாசர் மாற்றும் வேலைதான் பண்ணையாளின் வாழ்க்கையைத் தின்றிருக்கிறது.

எட்டு அடிச் சக்கரம் நல்ல காற்றில் மணிக்கு 150 காலன், அதாவது ஐந்நூற்றைம்பது லிட்டருக்கு மேல் இறைக்கும். மாமா உடனே கணக்குப் போட்டார். பத்து மணி நேரம் ஓடினால் ஐயாயிரத்துக்கு மேல். மாட்டுக்கு நாளைக்கு ஐம்பது அறுபது லிட்டர் என்றாலும் தொண்ணூறு நூறு மாடு தாட்டும். "எங்க ஏழரை எச்பி இதைச் சடார்னு ஊத்திரும். ஆனா திரீ பேஸ் கரண்டு எப்ப வருதுன்னு நான் ராத்திரி முழிச்சிருக்கோணுமே."

இங்கே அடியில் இருப்பது ஓகலாலா நிலத்தடி நீர்ப்படுகை, எட்டு மாநிலங்களுக்கு அடியில் பரந்தது. காத்தாடி காலமெல்லாம் அதிலிருந்து உறிஞ்சியது மாடு குடிக்கவும் வீட்டுத் தோட்டத்துக்கும்தான். 1930களின் நடுவிலிருந்து கிராமங்களுக்கு மின்கம்பி வந்தது, காத்தாடி கழன்றது. அப்புறம் பெரிய எந்திரப் பம்புகள் பருத்திக்கும் சோளத்துக்கும் இறைத்தன. இந்தத் தெற்குப் பகுதியில் மழையால் ஊறுவது மிகச் சொற்பம்; நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. காத்தாடியால் அவ்வளவு இறைத்திருக்கவே முடியாது. "ஆயிரம் அடிக்கு நாங்க போர் ஓட்டின கதையேதான்" என்று மாமா சுருக்கமாக முடித்துக்கொண்டார். அவருக்கு அதைப் பற்றிப் பேசப் பிடிக்காது.

வெளியே புல்வெளியில் அறுபது காத்தாடி போல ஒரே நேரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். நடுவே ஆங்கிலேய பாணி மாவு மில் ஒன்று, மொத்த மர வீடும் ஒற்றைத் தூணின் மேல் திரும்பும். வர்ஜினியாவில் ஃபிளவர்டியூ ஹண்ட்ரட் என்ற இடத்தில் 1621ல் இருந்த காற்று மில்லின் நினைவாக 1978ல் கட்டி, 2010ல் இங்கே மாற்றியது. அதற்கும் பின்னால் வெஸ்டாஸ் நிறுவனத்தின் 660 கிலோவாட் மின்காத்தாடி. அருங்காட்சியகத்தின் விளக்குகள் அதில்தான் எரிகின்றன. பல இதழ்கள் கொண்ட நீரிறைக்கும் காத்தாடியை நான் முதலில் பார்த்தது ஆரோவில்லில், கல்லூரிக் காலத்தில். அங்கேயே வடிவமைத்துச் செய்தார்கள். அப்போது அண்ணாந்து பார்த்துவிட்டு நடந்துவிட்டேன். அடியில் வாசர் இருக்கும் என்று யார் யோசித்தார்கள்!

மாலையில் வடமேற்கே லிட்டில்ஃபீல்ட் போனோம். 1887ல் XIT ஆட்கள் அந்தப் பக்கம் ஒரு பள்ளத்தாக்குக்குள் கிணறு தோண்டினார்கள். கீழே காற்றே படவில்லை. கரைக்கு மேலே சக்கரம் எட்ட வேண்டும் என்று 132 அடிக்கு மரக் கோபுரம் எழுப்பினார்கள். உலகிலேயே உயரமான காத்தாடி என்று பேர் வாங்கி, 1926ல் ஒரு புயற்காற்றில் விழுந்தது. ஊருக்குள் நெடுஞ்சாலை ஓரம் அதன் மாதிரி நிற்கிறது, 114 அடி. பார்க்கப் பத்து நிமிடம் போதும். நாங்களும் அவ்வளவுதான் நின்றோம், கண்ணெல்லாம் மண்.

1900 வாக்கில் XITயில் 325 காத்தாடிகள், நூறு அணைக்கட்டுகள், 1,500 மைல் முள்வேலி. இந்த எண்களை அறையில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டே இவர் வாசித்தபோது மாமா நிறுத்தச் சொன்னார். "வேலி போட்டா மாடு தண்ணிக்குப் போக முடியாது. அப்ப ஒவ்வொரு காட்டுக்குள்ளயும் ஒரு கிணறு வேணும். அதான் இத்தனை காத்தாடி." இரண்டு அருங்காட்சியகம் பார்த்தும் எனக்கு இந்த முடிச்சு அவிழவில்லை.

சனி

அமரில்லோ வழியாக மெக்லீன். பழைய ரூட் 66 சாலையில் தூங்கி வழிகிற ஊர். முன்பு பிரா தயாரித்த தொழிற்சாலைக் கட்டடத்தில் 1991லிருந்து முள்கம்பி அருங்காட்சியகம் நடக்கிறது. வாசலில் ஆள் உயரத்துக்கு முள்கம்பி உருண்டைகள். பிசாசுக் கயிறு என்று அந்தக் காலத்தில் திட்டியதையே அருங்காட்சியகத்துக்குப் பேராக வைத்திருக்கிறார்கள்.

உள்ளே பலகை பலகையாகக் கம்பித் துண்டுகள், பெரும்பாலும் பதினெட்டு அங்குலம். சேகரிப்பவர்களின் வழக்கமான அளவு அது. இரட்டை முள், நான்கு முள், நட்சத்திரத் தகடு, பட்டை முறுக்கு. மனிதன் ஒரு மாட்டைக் குத்துவதற்கு இத்தனை விதமாக யோசித்திருக்கிறான். இவற்றில் ஜெயித்தது இலினாய்ஸ் விவசாயி ஜோசப் கிளிட்டன் 1874 நவம்பரில் காப்புரிமை வாங்கியது. இரண்டு கம்பியைச் சேர்த்து முறுக்கினால் நடுவில் மாட்டிய முள் நகராது, அவ்வளவுதான் சூத்திரம். மரம் இல்லாத ஊருக்கு மலிவான வேலி கிடைத்துவிட்டது.

பிறகு நடந்ததுதான் கொடுமை. 1883ல் டெக்சஸில் வேலிச் சண்டை. பொது நிலத்தையும் குளத்தையும் பெரிய பண்ணைகள் வளைத்துப் போட, சின்ன மாட்டுக்காரர்கள் ராத்திரியில் கம்பியை வெட்டினார்கள். அடுத்த வருஷமே வேலி வெட்டுவதைக் கடுங்குற்றமாக்கிச் சட்டம் வந்தது. பொது நிலத்தை வளைப்பதும் குற்றம்தான், ஆனால் அதற்குச் சட்டம் வைத்த தண்டனை லேசானது. இன்னொரு பக்கம், வடக்கு மாடுகள் தெற்கே வராமல் தடுக்க பான்ஹேண்டில் (டெக்சஸின் வடமுனைப் பகுதி) குறுக்கே நீளமாகக் கம்பி இழுத்திருந்தார்கள். 1886 ஜனவரிப் பனிப்புயலில் மாடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டித் தெற்கே நகர்ந்து வந்தன. வேலி மறித்தது. கம்பியோரமாக ஒன்றின்மேல் ஒன்று நெருக்கி நின்று, ஆயிரக்கணக்கில் நின்ற இடத்திலேயே உறைந்தன. மாமா அந்தப் பகுதியில் நிற்காமல் வெளியே போய்விட்டார்.

அவரைத் திரும்ப உள்ளே இழுத்தது ஒரு மரத்துண்டு. முள்கம்பிக்கு முன் இங்கே உயிர்வேலிதான். ஓசேஜ் ஆரஞ்சு என்ற முள்மரத்தை நெருக்கி நட்டு வெட்டி வளர்ப்பார்கள். மாமாவின் கொரங்காட்டுக்குக் கிளுவை வேலி. அதை இன்னும் கவாத்துப் பண்ணி வைத்திருக்கும் சிலரில் அவரும் ஒருவர். "கிளுவையில மாடு மோதினா கீறல் விழும், ஆறிரும். நெகிழ்ந்து குடுக்கும். இது கிழிச்சிரும்." அப்புறம் அவரே, "ஆனா கிளுவை வேலி அடையறதுக்கு அஞ்சாறு வருஷம் பொறுக்கோணும். லண்டன்காரனுக்கு ஏது அவ்வளவு பொறுமை" என்றும் சொன்னார்.

திரும்பும் வழி சில்ட்ரஸ், விச்சிட்டா ஃபால்ஸ். ஓசேஜ் மரம் தாராபுரத்து மண்ணுக்கு வருமா என்ற பேச்சு பாதி தூரம் ஓடியது. வராது, குளிர் வேண்டும் என்று இவர். ஒரு விதை கொண்டுபோய்ப் பார்த்தால் என்ன என்று மாமா. விமான நிலையத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று நான்.

போக நினைப்பவர்களுக்கு: பண்ணை மையத்துக்கு அரை நாளுக்குக் குறையாமல் வையுங்கள். காற்றாலை அருங்காட்சியகத்தில் தன்னார்வலர் யாராவது சும்மா இருந்தால் விடாதீர்கள். மெக்லீனுக்குக் கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாடையில் கட்டுகிற நாடா உள்ள தொப்பியாகக் கொண்டுபோங்கள். மாமாவின் தலைத்துண்டு ஒன்று லிட்டில்ஃபீல்டில் போயே போய்விட்டது.